பம்பரில் ஒரு பச்சைப் புள்ளி

பகலெல்லாம் பிறர் பல்லைக் குடைந்துவிட்டு, மாலையானால் அதே கருவியால் பொம்மை டயருக்குக் கோடு கீறும் பல் மருத்துவர், மாதிரி லாரிக் கலைஞர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டி முதுமையை முறியடித்த மூத்த உறுப்பினர்களே! விரலில் ஒட்டிய பசை காயுமுன் விழாவுக்கு விரைந்து வந்த வித்தகர்களே! சாப்பாட்டு மேசையைச் சங்கத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் தியாகத் தாய்மார்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் கொத்தனாரே, என் கணவரே! இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன இரு கைகளையும் கூப்பி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சிறப்பு விருந்தினராக வாருங்கள் என்றார்கள். வந்த பிறகுதான் நடுவரும் நான்தான் என்றார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு விறகு வெட்டச் சொன்ன கதைதான். போகட்டும்.

லாரியைக் கண்டால் ஊர் ஒதுங்கும், நீங்களோ உருகுகிறீர்கள். சுமை ஏற்றாத லாரி! சாலை காணாத சக்கரம்! புகை விடாத புகைக்குழாய்! இதற்கா இத்தனை தவம்? இதற்கா இத்தனை தலைவலி? இதற்கா இத்தனை விவாகரத்து? என்ன, இல்லையா? ஒன்றுதானா? சரி, ஒன்றுதான் என்று தலைவர் திருத்துகிறார். புள்ளிவிவரத்தில்கூட இந்தச் சங்கம் பிசகாது.

அந்தக் கடைசி மேசையில் நிற்கிறதே, நீண்ட மூக்கும் பத்துச் சக்கரமும் கொண்ட வண்டி, அது நான் ஓட்டிய வண்டி. போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். அதுவும் ஓய்வு பெற்றது. எனக்கு ஒரு மாலை போட்டார்கள். அதற்கு அதுவும் இல்லை. ஆனால் நில அளவை அலுவலகத்து எழுத்தர் ஒருவர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவர், பதினான்கு மாதம் அளவு நாடாவோடு அந்த வண்டியைச் சுற்றிவந்தார். அடியில் படுத்து அளந்தார். மேலே ஏறி அளந்தார். இருநூற்றுப் பதினான்கு போல்ட்டுகளையும் எண்ணினார். என்னையும் அளந்துவிடுவாரோ என்று பயந்து தள்ளி நின்றேன். ஒன்பது டன் இரும்பு இன்று ஒரு முழம்கூட இல்லாமல் மேசைமேல் நிற்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

எவ்வளவு காரம் என்பதை இன்று காலைதான் அறிந்தேன். பம்பரின் இடது முனையில் இருந்த பழைய நெளிவை அப்படியே வைத்திருக்கிறார். அந்த நெளிவுக்குள் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. அதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் வியர்த்தது? சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, சின்ன லாரிகளையே ஓட்டிக்கொண்டிருந்த என் கையில் அந்தப் பெரிய வண்டியைக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு இது சரிவருமா என்று மூன்று மாதம் பார்ப்போம், ஒரு கீறல் விழுந்தாலும் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். பத்தொன்பதாம் நாள், கணவருக்குக் காட்டுவோமே என்று வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வாசலில் திரும்பும்போது, அவர் பன்னிரண்டு நாள் முன்பு கட்டிய கேட்டுத் தூணை இடித்தேன். தூண் சாய்ந்தது, பம்பர் நெளிந்தது. தூணுக்கு அடித்திருந்த பச்சை பம்பரில் ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டு டப்பாக்களைக் கலந்து அவரே உண்டாக்கிய பச்சை அது. கடையில் கிடைக்காது.

மாலையில் வந்தவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மழையில அஸ்திவாரம் இளகியிருக்கும், தானா சாஞ்சிடுச்சு" என்றேன். தொழிற்காரரிடம், அவர் கட்டிய தூணைப் பற்றி! அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்றார். விடிந்ததும் முதல் வேலையாக மண்ணெண்ணெய் போட்டுப் பச்சையைத் துடைத்தேன். முன்னால் போன வண்டியிலிருந்து கல் தெறித்தது என்று கம்பெனியில் சொன்னேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் மறைந்தது. வேலை நிலைத்தது.

என் வேலை நிலைத்தது, தாய்மார்களே. அவர் பெயர் சாய்ந்தது. தெரு அவருக்குச் சாய்தூண் என்று பட்டம் சூட்டியது. வீடு கட்ட அவரைக் கூப்பிடுவார்கள். வாசல் தூணுக்கு மட்டும் வேறு ஆளைத் தேடுவார்கள். அவரெதிரிலேயே சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இப்போது விதிக்கு வருவோம். உங்கள் சங்கத்தின் விதி: அசலில் ஒருநாளும் இல்லாத ஒன்று மாதிரியில் இருந்தால் ஐந்து மதிப்பெண் குறைக்க வேண்டும். அந்தப் புள்ளி பொய் என்று நான் எழுதினால் எழுத்தருக்குக் கோப்பை போய்விடும்; தலைவரின் தீயணைப்பு வண்டி முதலிடம் பெறும். தலைவர் சிரிக்கிறார், பாருங்கள். புள்ளி மெய் என்று எழுதினால் என் குட்டு வெளிப்படும். பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

மேடையேறுமுன் எழுத்தரை ஓரமாக அழைத்து, இந்தப் பச்சை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "போன மாசம் மாமாதான்க்கா டப்பாவோட கொடுத்தாரு. பம்பர் நெளிஞ்ச அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு, ஒரு பொட்டு வச்சிருன்னாரு" என்றார்.

மாமா! அன்று ஒரு சுற்றுச் சுற்றியபோதே பார்த்துவிட்ட மாமா! பார்த்தும் பேசாத மாமா! சாய்தூண் என்றார்கள், சகித்தார். வாசல் வேலை போனது, சகித்தார். பொய் சொன்னவளே சிரித்தாள், அதையும் சகித்தார். எனக்குத் தெரியாமல் எனக்கு முட்டுக்கொடுத்து நின்றாரே, அதற்கு எந்தக் கோப்பையைக் கொடுப்பீர்கள்?

என்னங்க, எழுந்துவிட்டீர்களா? சொல்லுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்காதாம். நான் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா உன் சாவி போயிருக்கும். இப்பதான் சாவியைக் கொடுத்துட்டியே, இனிமே சொன்னா என்ன?" என்கிறார்.

சொல்கிறேன். சபையறியச் சொல்கிறேன். அந்தத் தூண் சாயவில்லை, நான் சாய்த்தேன்! அந்தக் கல் தெறிக்கவில்லை, நான் திரித்தேன்! அந்தப் பச்சைப் புள்ளி மெய். எழுத்தருக்கு முழு மதிப்பெண், முதல் பரிசு. கொத்தனாரே, என்னை மன்னித்துவிடுங்கள்.

தலைவர் அவர்களே, உங்களுக்கு இரண்டாம் பரிசு. வயிற்றெரிச்சலை அணைக்க வண்டி உங்களிடமே இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் வீட்டு வாசலுக்குத் தூண் வேண்டுமென்றால் முன்வரிசையில் நிற்கும் இந்த மனிதரைக் கேளுங்கள். அவர் கட்டிய தூண் தானாகச் சாயாது. நான் லாரியோடு வந்தால்தான் சாயும். நானோ ஓய்வு பெற்றுவிட்டேன். நன்றி, வணக்கம்.