கரும்புள்ளி இல்லாத கோடை

காசா? வேண்டாம் தம்பி. கடை வாசல்ல ஒட்டின சீட்டுலயே ஓசின்னுதானே போட்டிருந்தேன். ஈரமா? நல்லாக் கேட்ட போ! ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு. என்னா கணீர்னு கேக்குது! அத்தனையும் பிர்ச் மரத்து வெறகு, ரெண்டு கோடை காஞ்சது. ஓசியில குடுத்தா ஏதோ கோளாறுன்னு தோணத்தான் செய்யும். வண்டியில ஏத்து, சொல்றேன்.

போன வருஷம் எங்க வீட்டுக்காரர் டவ்னோ வெட்டி அடுக்கினது இது. கோடை வெயிலுக்கு ஊரே ஏரியில விழுந்து கெடக்கு, இவரு கோடாலியும் கையுமா நிக்கறாரு. கேட்டா, சூரியன் தூங்கிருச்சாம். ம், சிரி, நானும் அப்படித்தான் சிரிச்சேன். சின்னதா ஒரு தொலைநோக்கி வச்சிருந்தாரு. அதை வெயிலுக்குக் காட்டி, கொட்டகைக் கதவுல வெள்ளைத் தாள் ஒட்டி, அதுல சூரியனை விழ வச்சுப் பாப்பாரு. எப்பவும் கரும்புள்ளி தெரியுமாம். அந்தக் கோடை ஒண்ணுகூட இல்ல, கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருந்துச்சு. புள்ளி இல்லேன்னா சூரியன் தூங்குதுன்னு அர்த்தம், கெணறு வெடிக்கிற குளிர் வருது இர்யா, பாத்துக்கோன்னாரு. குளிர் வராம பின்ன பனைவெல்லமா வரும், இது ஃபின்லாந்துன்னு நான் சொன்னேன்.

என்னது? பனைவெல்லம்னா? எங்கக்கா மருமகன் ஊரு பண்டம். அதை விடு.

இலை உதிர்ற காலத்துல வீட்டை அடைக்க ஆரம்பிச்சாரு. மரச்சுவர் இடுக்குல பாசி திணிச்சாரு. சன்னல் ஓரமெல்லாம் மாவுப் பசையில காகிதம் ஒட்டினாரு. அது எல்லாரும் செய்யறதுதான், நீயும் ஒட்டியிருப்ப. ஆனா தரையோரம் காத்துக்குன்னு ஒரு பொந்து விடுவோம்ல, அதையும் துணி வச்சு அடைச்சுட்டாரு. மூச்சு முட்டுதுய்யான்னா, குளிர் வந்ததும் என்னைக் கும்புடுவன்னாரு.

வரவே இல்ல தம்பி. கிறிஸ்துமஸுக்கு மழை! ஏரி சரியா உறையக்கூட இல்ல. கடைக்காரன் வெய்க்கோ இவரைப் பாத்தாலே, என்ன டவ்னோ, சூரியன் முழிச்சிருச்சா, காப்பி குடுத்தியான்னு கேப்பான். இவரு கடைக்குப் போறதையே நிறுத்திட்டாரு. காகிதத்தைக் கிழிய்யான்னு கெஞ்சினேன். வீம்பு. குளிருக்கு இன்னும் பிப்ரவரி இருக்குல்லன்னாரு.

இன்னும் ஒரு வரிசை வையி, இடம் இருக்கு. பச்சக் குழந்தை இருக்கிற வீடுன்னுதானே சொன்ன? அப்ப ஒண்ணு கேட்டுக்கோ, இந்த வெறகுக்கு அதுதான் வெல. தீ அணைஞ்சதும் சூடு போகக்கூடாதுன்னு புகைக்கூண்டுத் தகடை மூடுவோம்ல. கங்கு முழுக்கக் கறுக்காம அதுல கைய வைக்காதே. நீலமா ஒரு துளி எரிஞ்சாலும் வைக்காதே. தெரியும் தெரியும்னு தலையாட்டாத. அவருக்கும் தெரியும். அறுவது வருஷமா அடுப்பு மூட்டின மனுஷன். குளிர் அடிச்சா புகைக்கூண்டு தானா இழுக்கும். வெளிய இதமா இருந்தா கங்குல வர்ற விஷக்காத்து மேல போகாது, வீட்டுக்குள்ளயே சுத்தும். வாசனையும் இருக்காது, நெறமும் இருக்காது.

நான் ஊலுவுல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் தட்டறேன், தட்டறேன். கடைசியில வெய்க்கோதான் வந்து சன்னலை ஒடைச்சான். நாற்காலியில உக்காந்தபடியே போயிருந்தாரு. கன்னம் ரெண்டும் செவசெவன்னு, அந்த விஷக்காத்து அப்படித்தான் ஆக்குமாம். கங்கு கறுக்கறதுக்கு முன்னாடியே தகடை மூடியிருக்காரு, சூடு வீணாகக்கூடாதுன்னு.

எனக்கு இப்ப கரண்டு அடுப்பு போதும். இதுல ஒரு கட்டை மிச்சம் வைக்காதே, எல்லாத்தையும் கொண்டு போயிரு. அவரு சொன்ன குளிர் மட்டும் வந்திருந்தா மனுஷன் பொழச்சிருப்பாரு, தம்பி.