பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு

பெரியவள்: திரும்பவும் ஒரு மூடி காலிடி.

சின்னவள்: பேசிக்கிட்டே எண்ணினா அப்படித்தான்.

பெரியவள்: நான் எங்க பேசினேன்? நீதான் காந்தக் கொக்கி, காந்தக் கொக்கின்னு...

சின்னவள்: அதோட அருமை உனக்கு எங்க தெரியுது? கப்பல் ரூம் சுவரெல்லாம் இரும்புத் தகடுக்கா. ஆணி அடிக்க விடமாட்டாங்க. காந்தம் வச்ச கொக்கின்னா டக்குனு ஒட்டிக்கும். துண்டு, பை, தொப்பி எல்லாத்தையும் சுவத்துல ஏத்திட்டா தரை நமக்கு. காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில போயிடும். உலகத்தைச் சுத்தி வர்ற நாலு மாசமும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல குடித்தனம் பண்ணணும், ஞாபகம் வச்சுக்கோ.

பெரியவள்: உன் குறட்டையை எந்தக் கொக்கியில மாட்டுறது?

சின்னவள்: நானா? குறட்டை விடுறது நீ! அத்தான்கிட்டயே கேளு.

வீட்டுக்காரர்: என்னை ஏம்மா இழுக்கிறே? நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன்.

சின்னவள்: நீங்களும் வந்திருக்கலாம் அத்தான். நாங்க எடுத்திருக்கிறது கப்பலுக்கு நட்டநடுவுல, கீழ்த் தளத்து ரூம். ஏத்தப்பலகை விளையாட்டுல பசங்க ரெண்டு ஓரத்துலயும் உக்காந்து மேலயும் கீழயும் போறாங்கல்ல? நடுவுல உக்காந்தவன் அசையவே மாட்டான். கப்பலும் அப்படித்தான். முன்னாடியும் பின்னாடியும்தான் தூக்கித் தூக்கிப் போடும்.

வீட்டுக்காரர்: ஏரியில படகுல ஏறினதுக்கே எனக்கு ரெண்டு நாள் தலை நிக்கல. முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டினவன்னு வெளியில சொல்லிக்க முடியுதா? நீங்க அக்காளும் தங்கையும் போயிட்டு வாங்க. எனக்கு இந்த நாற்காலி போதும்.

பெரியவள்: கதையை மாத்தாதீங்க. ஏய், இங்க பாரு. வாரத்துக்கு ஒரு டப்பா. டப்பாவுக்கு ஏழு மூடி, ஞாயிறுலேர்ந்து சனி வரைக்கும். மூடிக்கு ஒரு பிரஷர் மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். ஏறுற நாள்லேர்ந்து கேலண்டரைப் பார்த்து டப்பா அடுக்கிட்டேன். டிக்கெட்ல எத்தனை ராத்திரின்னு போட்டிருக்கோ அத்தனை மாத்திரை எண்ணி எடுத்தேன். ஆளுக்கு ஒரு செட்டு. உன் செட்லயும் கடைசி மூடி காலி, என் செட்லயும் கடைசி மூடி காலி.

சின்னவள்: மருந்துக்கடையை விட்டு வந்தும் மாத்திரை எண்ணுறதை விடமாட்டேங்கிறியே! இறங்குற நாளையும் சேர்த்து எண்ணியிருப்பே.

பெரியவள்: அதைக் கழிச்சாச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்டுல வந்து போட்டுக்குவோம்ல.

சின்னவள்: அப்போ... மாசத்துக்கு முப்பதா, முப்பத்தொண்ணான்னு குழம்பியிருப்பே.

பெரியவள்: கேலண்டர் கண்ணு முன்னாடி தொங்குது.

சின்னவள்: சரி விடு. ஆளுக்கு ஒரு மாத்திரை கூட எடுத்துப் போடு, முடிஞ்சுது. ஒரு மாத்திரைக்கா இத்தனை பஞ்சாயத்து?

பெரியவள்: போடலாம். ஏன் குறைஞ்சுதுன்னு தெரியாம போட்டா எனக்குத் தூக்கம் வராது.

சின்னவள்: வராட்டி நல்லது. ரூம்ல நானாவது தூங்குவேன்.

வீட்டுக்காரர்: பயணத் திட்டம்னு ஒண்ணு குடுத்தாங்களே, கலர் கலரா... அதுல நாள் வாரியா போட்டிருக்குமே. கேலண்டரோட ஒத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்.

சின்னவள்: அத்தான், நீங்க பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தீங்க.

வீட்டுக்காரர்: படிச்சு முடிச்சிட்டேன்.

பெரியவள்: நல்ல யோசனை. நீங்களே படிங்க, கண்ணாடி உங்ககிட்டதான் இருக்கு.

சின்னவள்: அதெல்லாம் எதுக்குக்கா இப்போ... பெட்டி கட்டுற வேலை அப்படியே கெடக்கு. இஸ்திரிப் பெட்டி கூடாதாம், மெழுகுவத்தி கூடாதாம். நெருப்புன்னா கப்பல்ல அவ்வளவு பயம், ஏன்னா நடுக்கடல்ல...

பெரியவள்: இருடி. படிங்க.

வீட்டுக்காரர்: முதல் மாசம் சரியா இருக்கு... கடல், கடல், துறைமுகம், கடல்... ம்... அடுத்த மாசம்... பதினாலு, ஞாயிறு, கடல். பதினஞ்சு, திங்கள், கடல். பதினாறு, செவ்வாய், கடல். பதினெட்டு, வியாழன், கடல். பத்தொம்பது...

பெரியவள்: நில்லுங்க, நில்லுங்க. பதினாறுக்கு அப்புறம்?

வீட்டுக்காரர்: பதினெட்டு.

பெரியவள்: பதினேழு எங்க?

வீட்டுக்காரர்: இல்லையே... புதன்கிழமையையே காணோம்.

சின்னவள்: அச்சுல விட்டுப்போயிருக்கும்.

பெரியவள்: பதினேழுடி! நம்ம பிறந்தநாள். அதுவும் அறுபதாவது.

சின்னவள்: அட... ஆமால்ல.

பெரியவள்: ஆமால்லயா? ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒண்ணா அறுபது ஆகுது, கப்பல்ல கொண்டாடுவோம்னுதானே இந்தப் பயணமே! அந்த நாளே இல்லைன்னா? ஃபோனைக் குடு, டிராவல்ஸ் பொண்ணையே கேட்டுடுறேன்.

சின்னவள்: வேணாம்! ஃபோன் வேணாம்... அச்சுப்பிழை இல்லக்கா. அந்த நாளு நிஜமாவே கிடையாது.

வீட்டுக்காரர்: ஒரு முழு நாளை எவன் தூக்கிட்டுப் போனான்?

சின்னவள்: யாரும் தூக்கல அத்தான். அது ரொம்ப அழகான விஷயம். காட்டுறேன், எழுந்திருங்க. நீங்கதான் சூரியன்.

வீட்டுக்காரர்: இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒரு டார்ச் லைட்டாக்கூட என்னை மதிச்சதில்ல. இன்னிக்கு ஒரேயடியா சூரியனா!

பெரியவள்: எழுந்திருங்க சூரியனே.

சின்னவள்: இந்தச் சாப்பாட்டு மேசைதான் உலகம். அத்தானோட நாற்காலி நம்ம வீடு. அக்கா, நீதான் கப்பல், நாற்காலி பக்கத்துல நில்லு. அத்தான் மேசையைச் சுத்தி நடப்பார். அவர் நாற்காலியைத் தாண்டினா வீட்டுல ஒரு நாள் ஆச்சு. உன்னைத் தாண்டினா கப்பல்ல ஒரு நாள் ஆச்சு. அவர் அஞ்சு சுத்து போகட்டும். அதுக்குள்ள நீ அவர் போற பக்கமாவே, மெதுவா, ஒரே ஒரு சுத்து வந்து மறுபடி நாற்காலிகிட்ட நிக்கணும். மேற்கே போற கப்பல் அப்படித்தான், சூரியன் போற பக்கமாவே போகும்.

வீட்டுக்காரர்: வழியை விடு, வழியை விடு... ஒண்ணு!

சின்னவள்: அது நாற்காலிக்கு ஒண்ணு. அக்காதான் முன்னாடி போயிட்டாளே, இன்னும் நடங்க... ஆங், இப்போதான் அக்காவுக்கு ஒண்ணு.

பெரியவள்: ஏங்க, இடிக்காம போங்க.

வீட்டுக்காரர்: கப்பல்தான் ஒதுங்கணும், சூரியன் ஒதுங்காது... நாலு... அஞ்சு. அப்பாடா!

சின்னவள்: நாற்காலியை எத்தனை தடவை தாண்டினார்?

பெரியவள்: அஞ்சு.

சின்னவள்: உன்னை?

பெரியவள்: ஒண்ணு, ரெண்டு... நாலு. நாலுதான்! இதென்னடி மாயம்?

சின்னவள்: மாயமே இல்ல. நீ முன்னாடி முன்னாடி போறதால, உன்னைப் பிடிக்க அவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட நடக்க வேண்டியிருக்கு. அதாவது உன்னோட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளம். கப்பல்ல அதுக்கு என்ன பண்ணுவாங்க, நடுநடுவுல சில ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைப்பாங்க. ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், நமக்கும் குஷிதான். உலகத்தைச் சுத்தி முடிக்கிறப்போ அந்த மணி நேரமெல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளாயிடும். வீட்டுக் கேலண்டரோட ஒத்துப்போக வேணாமா? அதுக்காக நடுக்கடல்ல ஒரு கோடு வச்சிருக்காங்க. தண்ணியில தேடினா தெரியாது, வரைபடத்துல மட்டும் இருக்கிற கோடு. அதைத் தாண்டுறப்போ கேப்டன் ஒரு தேதியை அப்படியே கிழிச்சுப் போட்டுடுவார். செவ்வாய் ராத்திரி படுத்தா வியாழக்கிழமை காலையிலதான் முழிப்பு. நடுவுல ஒரே ஒரு ராத்திரிதான், ஒரே ஒரு மாத்திரைதான். உன் கணக்கு தப்பே இல்ல. கேலண்டர்லதான் ஒரு நாள் அதிகம்.

பெரியவள்: அடேயப்பா... சின்னப் பிள்ளைக்கும் புரியும். எவ்வளவு தெளிவா சொல்றே!

சின்னவள்: ரயில்வேயில நேர அட்டவணை போட்டவளாச்சே!

பெரியவள்: அதேதான் நானும் நெனைச்சேன். ஒரு ரயில் ரெண்டு நிமிஷம் தப்பினாலே சோறு இறங்காது உனக்கு. அப்படிப்பட்டவ, டிக்கெட் எடுக்கிறப்போ ஒரு முழு நாள் காணாமப் போறதைக் கவனிக்கலையா?

வீட்டுக்காரர்: எனக்குத் தாகமா இருக்கு, நான் உள்ள போயி...

பெரியவள்: நீங்க இங்கயே இருங்க. சொல்லுடி.

சின்னவள்: கவனிச்சேன்.

பெரியவள்: எப்போ?

சின்னவள்: எடுக்கிறதுக்கு முன்னாடியே... ஏழு கப்பல் பார்த்தேன்க்கா. ஒருத்தன் பதினஞ்சைக் கிழிக்கிறான், ஒருத்தன் இருபதைக் கிழிக்கிறான். பதினேழைக் கிழிக்கிறவன் கிடைக்கிற வரைக்கும் தேடினேன்.

வீட்டுக்காரர்: பிறந்தநாளைத் தொலைக்கிறதுக்கா இத்தனை தேடினே?

சின்னவள்: உங்களுக்குப் புரியாது அத்தான். உங்களுக்கு வாழ்த்து நேரா வரும்.

பெரியவள்: எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.

சின்னவள்: அன்னிக்கு ஃபோன் அடிக்கும். நீ எடுப்பே. சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, உன் கடை ஆளுங்க, எல்லாரும் உன்கிட்ட ஆற அமரப் பேசுவாங்க. வைக்கிறப்போ ஒண்ணு சொல்வாங்க, "அவளுக்கும் சொல்லிடு"ன்னு. அவ்வளவுதான் என் வாழ்த்து. நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு வந்ததெல்லாம் "அவளுக்கும் சொல்லிடு". பத்து நிமிஷம் பிந்திப் பொறந்ததுக்கு இவ்வளவு தண்டனையா? அம்பதாவதுக்கு கேக்கு வந்துதே, ஞாபகம் இருக்கா? நடுவுல உன் பேரு, முத்து முத்தா. என் பேருக்கு இடம் பத்தல. கடைசி எழுத்து கேக்கை விட்டு இறங்கி அட்டையில உக்காந்திருந்துது.

வீட்டுக்காரர்: அந்த எழுத்தை நான்தான் வழிச்சு...

பெரியவள்: நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?

சின்னவள்: விடுக்கா, எனக்கே சிரிப்பு வருது. உன்மேல ஒரு கோவமும் இல்ல. உன்கூடக் கப்பல்ல போகணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அறுபதாவது மட்டும் வேணாம்னு தோணிச்சு. ஃபோன் வராத, கேக்கு வராத, இல்லவே இல்லாத நாளா அது போயிடட்டும்... யாருக்கும் வலிக்காம போயிடும்னு நெனைச்சேன். நீ உக்காந்து மாத்திரை எண்ணுவேன்னு யாரு கண்டா?

பெரியவள்: அந்த மாத்திரை டப்பாவை இப்படிக் குடு.

சின்னவள்: கோவமா?

பெரியவள்: எனக்கு மட்டும் முழுசா கெடைச்சுதா? கேக்குல உன் துண்டு சின்னதாப் போயிடுமோன்னு பார்த்துப் பார்த்து வெட்டினதுல, என் துண்டு எப்படி இருந்துதுன்னே எனக்குத் தெரியாது. யாராவது எனக்கு மட்டும் பரிசு குடுத்தா, உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் பிரிப்பேன். உன் மூஞ்சி வாடினா பிரிக்கவே மாட்டேன்.

சின்னவள்: இதை நீ சொன்னதே இல்லையே!

பெரியவள்: நீ சொன்னியா?

வீட்டுக்காரர்: இப்போ நான் சொல்லிடவா?

பெரியவள்: வாயைத் திறந்தீங்க...

சின்னவள்: என்ன அத்தான்? என்ன சொல்லணும்?

பெரியவள்: அவரை விடு. சூரியனே, இன்னொரு தடவை அஞ்சு சுத்து.

வீட்டுக்காரர்: மறுபடியுமா? சூரியனுக்கு முட்டி வலிக்குது.

பெரியவள்: நடங்க. இந்தத் தடவை நான் உங்களுக்கு எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வரேன். கிழக்கே. நீ எண்ணுடி.

சின்னவள்: எதுக்கு இப்போ... சரி, ஒண்ணு. எதிர்க்க எதிர்க்க வர்றதால சீக்கிரமே சந்திச்சுடுறீங்க... ரெண்டு... மூணு... நாலு... அத்தான், நிக்காதீங்க... அஞ்சு... ஆறு. நாற்காலிக்கு அஞ்சு, உனக்கு ஆறு!

பெரியவள்: அப்போ கிழக்கே போற கப்பல்ல?

சின்னவள்: ஒரு நாள் கூடும். கோட்டைத் தாண்டுறப்போ கேப்டன் ஒரே தேதியை மறுபடியும்... அக்கா! இது உனக்கு எப்படித் தெரியும்?

பெரியவள்: எத்தனை வருஷம் மாத்திரை எண்ணினவ நான். ஒரு மாத்திரை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாமப் போகுமா?

சின்னவள்: அப்போ இத்தனை நேரம் என்கிட்ட...

வீட்டுக்காரர்: போன வாரமே உங்க அக்காவுக்குத் தெரியும்மா! பதினேழாம் தேதி கப்பல்ல ஒரு கேக்கு வேணும், தங்கச்சி பேரு மட்டும் போட்டு வேணும்னு சொல்ல டிராவல்ஸுக்குப் போனா. "அந்தத் தேதியே இல்லையேம்மா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. அன்னிலேர்ந்து இந்த வாயை மூடி வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே!

சின்னவள்: என் பேரு... மட்டுமா?

பெரியவள்: உன் பேரு மட்டும்தான். அப்புறம்தான் யோசிச்சேன், இவ தெரியாம எடுத்திருக்க மாட்டாளேன்னு. ஏன்னு உன் வாயால கேக்கணும்னு இருந்துது. கேட்டாச்சு.

சின்னவள்: இப்போ என்னக்கா பண்றது? டிக்கெட்டு எடுத்தாச்சே!

பெரியவள்: நீ ஏழு கப்பல் பார்த்தே, நான் ஒம்பது பார்த்தேன். கிழக்கே போற கப்பல் ஒண்ணுல பதினேழாம் தேதி ரெண்டு தடவை வருது, நம்ம ரெண்டு டிக்கெட்டையும் நேத்தே அதுக்கு மாத்திட்டேன். மொத பதினேழு உன் பிறந்தநாள், அன்னிக்கு எனக்கு வெறும் புதன்கிழமை. மறுநாளும் பதினேழுதான், அது என்னோடது.