வேலிக்கு அப்பால் ஓமனா

பக்கத்து வீட்டு ஓமனா வைக்கும் மீன் கறியில் புளிப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வேலிக்கு மேலாகக் கிண்ணத்தை நீட்டுவார். அப்படி நீட்டிய கையைத்தான் என் நாய் கடித்தது.

சில நாளில் நாய் செத்தது. மீனச்சிலாற்றங்கரையில் உள்ள கால்நடை நோயறி கூடத்துக்கு நான் பொறுப்பாளர். ஊர் ஊராகப் போய், நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று பேசியவனும் நான்தான். என் நாய்க்குப் போடவில்லை. தள்ளிப் போய்விட்டது. இதை வெளியில் சொல்ல முடியுமா?

மூளையை நானே எடுத்தேன். மேல் மூளையின் ஓரத்திலிருந்து துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். வெறிநோய் இருந்தால் இருட்டில் பச்சைப் புள்ளிகள் மினுங்கும். மினுங்கவில்லை. ஆனால் மூளைத் தண்டைப் பார்க்காமல் நோயில்லை என்று சொல்லக் கூடாது. மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான். அதையும் பார்த்தேன். முழுக்கப் பச்சை. அந்தக் கண்ணாடித் தகட்டைக் கழுவி வைத்துவிட்டு, முதல் தகட்டில் கண்டதை மட்டும் அறிக்கையில் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஓமனா வேலியருகே வந்தார். அவருக்கு முதல் ஊசி போட்டிருந்தார்கள்.

“சாரே, மிச்ச ஊசியும் போட்டே ஆகணுமா? ஊசின்னாலே எனக்குக் கை கால் நடுங்குது.”

“வேண்டாம் ஓமனே. நாய்க்கு ஒண்ணும் இல்லை. நானே பார்த்தேன்.”

“உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்று சிரித்தார்.

ஓணத்துக்கு முன்பே தண்ணீரைக் கண்டு அலறத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிவைத்தார்களாம். சில நாளில் முடிந்தது. இழவு வீட்டில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான்.

அவர் கணவன் சசிதரன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் கதவைத் திறந்தாலும் பார்ப்பான், செடிக்குத் தண்ணீர் விட்டாலும் பார்ப்பான். ஒரு நாள் வாசலுக்கே வந்துவிட்டான்.

“பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் என் தங்கச்சியோட கூட்டாளி. நீங்க அங்கே போய் நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டீங்களாமே. அதுவும் ஓமனாகிட்ட வேண்டாம்னு சொன்ன அதே நாள். நாய்க்கு ஒண்ணும் இல்லேன்னா உங்களுக்கு எதுக்கு சாரே ஊசி?”

நாய் என் கையையும் நக்கியிருந்தது. விரலில் ஒரு கீறல். பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகு நான் அலட்சியமாக இருக்க முடியுமா?

அவர் செத்துப்போவார் என்று தெரிந்துதான் வேண்டாம் என்றேன். மறுக்கவில்லை. ஆனால் ஊசி வேண்டாம் என்று ஆசைப்பட்டது ஓமனா. நான் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான்.