புரட்டாசிக் காளான்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் கறிக்கடைக்காரர்கூடச் சாம்பார் சோறுதான். அந்த மாதம் முழுக்க என் சிநேகிதன் முருகேசனின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பெருமாளுக்காக ஆட்டை விட்டவன் போல இருக்க மாட்டான், ஆடு தன்னை விட்டுப் போய்விட்டது போல இருப்பான்.

நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். என் பெயர் மயில்வாகனம், வயது அறுபத்தொன்று. கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். நேற்று முருகேசனின் பதினாறாம் நாள் காரியம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், "ஈரல் போச்சாம்பா. யாருக்கும் தெரியாம குடிச்சிக்கினு இருந்திருப்பாரு" என்றார். அது ரேணுகாம்பாள் காதில் விழுந்தது. பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். முருகேசன் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவன் இல்லை. தப்பான தகவல் ஒன்று ஊரில் உலவுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அவனும் நானும் இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து காலை நடை போனவர்கள். அவனுடைய பூர்வீகம் கூரம், விவசாயக் குடும்பம். இங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். ஆணி விற்கிறவன் என்றாலும் ராக்கெட் முதல் ரத்தக்கொதிப்பு வரை அவனுக்குத் தெரியாதது கிடையாது. நான் வாயைத் திறந்தால், "உனக்குத் தெரியாது மயிலு, சும்மா இரு" என்பான். என் பணி ஓய்வு விழாவில் மைக்கை வாங்கி, "நம்ம மயிலு முப்பத்திரண்டு வருஷமா ஜாடி கழுவிக்கினு இருந்தாரு. காலேஜ்ல இவரை மாதிரி சுத்தமான ஆளு கிடையாது" என்றான். பேராசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நானும்தான். நல்ல வேடிக்கை, குறை சொல்ல முடியாது.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை ஜெபகுமாரின் காரில் மூவரும் காட்டுப் பக்கம் நடக்கப் போனோம். ஜெபகுமார் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். முந்தின இரண்டு நாளும் இடி இடித்து மழை பெய்திருந்தது. காடு குளித்துத் தலை துவட்டாத பிள்ளை மாதிரி நின்றது. பாதையோரம் ஒரு கறையான் புற்றைச் சுற்றிக் காளான் பூத்திருந்தது. முதலில் பார்த்தது நான். "டேய், புத்துக்காளான். நான்தான் பாத்தேன்" என்று முருகேசன் குனிந்தான். கூரத்தில் சின்ன வயதில் தின்ற காளான் அது. சரியாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

கால் மணி நேரம் நடந்திருப்போம். தைலமரத் தோப்பின் நிழலில் வேறொன்று நின்றது. வெள்ளை வெளேரென்று, கோயில் குடை போல அழகாக இருந்தது. அதன் தம்பியை நான் பல வருஷம் ஜாடியில் வைத்துத் தூசி துடைத்திருக்கிறேன். ஜாடியின் மேல் சிவப்பு மையில் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதை எழுதியதும் நான்தான்.

"இதுவும் அதேதாம்பா" என்றான் முருகேசன்.

"முருகேசா, அடியில கொஞ்சம் நோண்டிப் பாரு" என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு ஜாடியில ஊறுற காளான்தாம்பா தெரியும். நான் கூரத்துக்காரன். சும்மா வா."

ஜெபகுமார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுச் சும்மா வந்தேன்.

அவன் துண்டில் இடம் போதவில்லை. என் துணிப்பையைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "வீட்ல தங்கச்சியும் சாப்பிடுமா?" என்று கேட்டேன். "அவ சனிக்கிழமை விரதம். காளானும் கறியும் அவளுக்கு ஒண்ணு, வாயில வைக்க மாட்டா. எல்லாம் எனக்குத்தான்" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. ரேணுகாம்பாள் என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண். அவளுக்கு ஒன்று ஆக நான் விடுவேனா? இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

மதியம் அவளைக்கொண்டே மிளகு போட்டு வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறான். அவள் சமைத்தாள், ருசி பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இவருக்கு விடியகாலையிலிருந்து வாந்தியும் பேதியுமா இருக்குது. காளான் ஒத்துக்கலியோ? பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டா?"

"பத்து நாளா கறி இல்லாத வயிறும்மா, திடீர்னு தின்னா அப்படித்தான். உப்பு சர்க்கரைத் தண்ணி குடு" என்றேன். உப்பு சர்க்கரைத் தண்ணீர் நல்லதுதான். அதில் தப்பில்லை. சாயந்திரம் அவள் என் துணிப்பையைத் துவைத்து மடித்து அனுப்பிவைத்தாள்.

எனக்கு எப்போது விஷயம் தெரியும் என்று கேட்டீர்கள். எனக்கு எல்லா நாளும் தெரியும், மேடம். அந்த விஷத்தின் குணம் அது. நடுவில் ஒரு நாள் வயிறு தெளியும், ஆள் பிழைத்துவிட்டது போலத் தோன்றும், உள்ளே ஈரலில் வேலை நடந்துகொண்டிருக்கும். புதன்கிழமை அவன் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் காமாலை என்று சேர்த்துக்கொண்டார்கள். காளானைப் பற்றி ரேணுகாம்பாள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம், டாக்டர் குழம்புவார் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை முடிந்தது.

விட்டுப்போனது திங்கட்கிழமை ஒன்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அவன் நடைக்கே வந்துவிட்டான். கொஞ்சம் வெளுத்திருந்தான், அவ்வளவுதான். ஜெபகுமார் வரவில்லை. கோயில் மதிலோரம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மயிலு, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. அந்த வெள்ளைக் காளான் நல்லதுதானே? நீ படிச்ச எடத்துல இருந்தவன். உனக்குத்தான் தெரியும். இப்பவே ஒரு நடை டாக்டரைப் பாத்துடட்டுமா?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அன்றைக்கு ஓடியிருந்தால் அவன் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. சிவப்பு மைச் சீட்டு என் கண் முன்னால் வந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"கூரத்துக்காரன் நீ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்? நல்ல காளான்தாம்பா" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். சிநேகிதன் பயந்துபோயிருக்கும்போது அவன் மனம் நோகாமல் பேச வேண்டும் இல்லையா?