கூரையில் நின்ற தண்ணீர்

இந்த அறையின் கதவு தப்பான பக்கம் திறக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போதெல்லாம் உங்கள் மேசையில் இடிக்கிறது. இதை வரைந்தவன் ஒரு நாளும் இங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி.

ஊரில் நான் ஆர்க்கிடெக்ட். இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒரு பேருந்து நிலையமும் என் பெயரில் நிற்கின்றன. இந்த நாட்டில் என் பட்டம் செல்லாது என்றார்கள். தேர்வு எழுதச் சொன்னார்கள், எழுதித் தேறினேன். ஆனாலும் இங்கே உரிமம் வைத்திருக்கும் ஒருவர் 'இவர் என்னிடம் வேலை பார்த்தார், தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு உரிமம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

பூசாரி நம் மொழிக்காரர்தான். எனக்கு வெகுகாலம் முன்பே வந்து அலுவலகம் போட்டவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அவர் வைத்த பெயர் பென்சில். நம் ஆள் கைவிட மாட்டார் என்று நானும் மனைவியும் நம்பினோம். கையெழுத்தைப் பற்றிக் கேட்டால், "அடுத்த வருஷம் பாக்கலாம் தம்பி, இப்ப என்ன அவசரம்?" என்பார். அடுத்த வருடமும் அதேதான். நான் வரைவேன், அவர் தன் பெயரைப் போடுவார். என் தலை நரைத்ததுதான் மிச்சம். எரிச்சலாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு என் மகள் படிக்கும் பள்ளியின் அரங்கம் வந்தது. நடுவில் தூணே இல்லாத கூடம், மேலே லேசான தட்டைக் கூரை. ஒவ்வொரு கோடும் என்னுடையது. மழைத் தண்ணீர் இறங்க இரண்டு குழாய்கள் வைத்தேன். அவை அடைத்துக்கொண்டால் வழிந்து போகட்டும் என்று கூரையைச் சுற்றியிருந்த கைப்பிடிச் சுவரில் துளைகளும் வைத்தேன். அண்ணனுக்குத் துளைகள் பிடிக்கவில்லை.

"பல்லு போன வாய் மாதிரி இருக்கு. அதையெல்லாம் எடுத்துடு."

"குழாய் அடைச்சா தண்ணி போக வேற வழி இல்லண்ணே. கூரை தாங்காது."

"அதான் நீ இருக்கியே. அப்பப்ப ஏறிப் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். காற்றடித்தால் ஏறுவேன், சருகுகளை அள்ளிக் கீழே கொண்டுவருவேன். மனைவி கேலி செய்வாள்: "கட்டின வீட்டுக்காரனே இப்படிப் பாக்க மாட்டான்." மேலே நிற்கும்போது மட்டும் அது என் கட்டடமாக இருந்தது. கூரைச் சாவி அதனால்தான் என் பையில் இருந்தது. திருடவில்லை.

அரங்கத்துக்கு விருது கிடைத்தது. அங்கேயே விழா. அண்ணனிடம் போய், மேடையில் என் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும் என்றேன்.

"சொன்னா உனக்கு லைசென்ஸ் இல்லாதது வெளிய தெரியும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கு வண்டி நிறுத்துற எடத்த நீ பாத்துக்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் கூரைக்குப் போகவில்லை.

இல்லை, ஒரு தடவை போனேன். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தக் கிழிந்த மழைக்கோட்டு என்னுடையதுதான். ஒரு பாதி ஒரு குழாயில், மறு பாதி மற்றதில். விழா வரை விடாமல் மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

கூரை ஒழுக வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவர் பேசும்போது தலையில் நாலு சொட்டு விழ வேண்டும், நாலு பேர் சிரிக்க வேண்டும். முழங்கால் ஆழத் தண்ணீரின் கனம் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கை நான் போடவில்லை.

விழாவில் என் மகளுக்கு அவள் தோழி கூடத்தின் நடுவில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் மகளையும் மனைவியையும் சுவரோரம், பால்கனிக்குக் கீழே உட்கார வைத்தேன். அந்தப் பால்கனி கான்கிரீட்.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலப்பா."

"இங்கதான் பாட்டு நல்லாக் கேக்கும்மா," என்றேன். உண்மையில் அந்த அரங்கத்தில் மிக மோசமாகக் கேட்கும் இடம் அது.

முதல் சொட்டு அண்ணனின் காகிதத்தில் விழுந்தது. சிலர் சிரித்தார்கள். அவர் மேலே பார்த்தார், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அப்போது வெளிவாசலில், வண்டிகளின் பக்கம் நின்று திறந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரை விழுந்தபின் எடுத்த நடு வரிசைகளின் படங்களை நீங்கள் காட்டினீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். வருத்தம்தான். அந்தத் தோழி எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவள். மகள் என்னோடு பேசுவதில்லை. பேசுவாள், இன்னும் சின்னப் பிள்ளைதானே. சுவரோரம் யாருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை என்பதையும் நீங்கள் குறித்திருப்பீர்கள். அந்தப் பகுதி நான் வரைந்தபடியே கட்டப்பட்டது.

ஆம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். காவலர் காட்டிய செய்தித்தாளில் 'அரங்கத்தை உருவாக்கிய கட்டடக் கலைஞர் பலி' என்று அண்ணனின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அது தப்பு. கட்டடக் கலைஞர் உயிரோடுதான் இருக்கிறார்.