கலரிக்குக் கயிறு கட்டிய கொரின் அம்மையார்

அவைக்கு அணியாய் அமர்ந்து, அடியேன் ஒலிவாங்கியைத் தொட்ட கணத்திலேயே கவலை கொள்ளத் தொடங்கிவிட்ட தலைவர் அரியரத்தினம் அவர்களே! யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பிறந்து, மொன்றியல் பனியிலும் மனம் உறையாத பெரியோர்களே! பிள்ளைகளைப் பிரெஞ்சில் அதட்டி, ஆங்கிலத்தில் கொஞ்சி, கோபம் முற்றினால் மட்டும் தமிழுக்குத் திரும்பும் தாய்மார்களே! இந்த மேடையில் பட்டுச்சேலை உடுத்து, அது எப்போது அவிழுமோ என்ற அச்சத்தில் அசையாமல் வீற்றிருக்கும் விழா நாயகி, பொறியியலாளர் கொரின் மொர்வான் அம்மையார் அவர்களே! உங்கள் எல்லோரையும் வில்லரேயில் கடை வைத்திருக்கும் தங்கராசா தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெறும் ஒரு பெண்மணியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். அவர் ஆயுள் முழுவதும் ஆற்றிய அரும்பணி யாது? உடைத்தது! சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் உரைக்கிறேன். இரும்பா, உடைப்பார். உருக்கா, இழுப்பார். கல்லா, நசுக்குவார். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தக் குளிரில் நொறுங்கும், எவ்வளவு காலம் ஆட்டினால் வெடிப்பு விடும் என்று ஆராய்கின்ற கல்வி அது. என் வீட்டில் நான் ஒரு கோப்பையை உடைத்தால் ஏச்சு. அம்மையார் உடைத்தால் பட்டம்!

இவர் எனக்கு அறிமுகமான கதையை முதலில் சொல்லவேண்டும். கியூபெக்கில் மூலைக்கடைக்கு டெப்பனேர் என்று பெயர். பாலும் பாணும் விற்கிற கடை. ஆனால் பிரான்சிலே டெப்பனேர் என்றால், பழுது திருத்துகிறவர். இது எனக்குத் தெரியாது. அது இவருக்குத் தெரியாது. ஒரு மாரிகாலக் காலையில், புதிதாக வந்திறங்கிய பிரெஞ்சு மாது, என் கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே வந்து, தன் வீட்டில் இரவு முழுக்கக் குளிர், அடுப்பு மூட்டமுடியவில்லை, எப்போது வருவீர்கள் என்று என்னைக் கேட்டார்.

சபையோரே, நான் பதறிப்போனேன். என்னுடைய பிரெஞ்சோ, பாலுக்கும் பாணுக்கும் மட்டும் போதுமான பிரெஞ்சு. வீடு, இரவு, குளிர், நீங்கள் வாருங்கள் என்ற சொற்கள் மட்டுமே விளங்கின. பின்னாலே மா மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி மரியம்மா நிமிர்ந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆரது? உங்கள எங்க வரச் சொல்லுறா?"

பிறகுதான் அம்மையார் கைச்சாடையால் அடுப்பை விளக்கினார். நல்லவேளை, மரியம்மாவின் தம்பி அன்டன் மின்வேலை தெரிந்தவர். அவர் போய்த் திருத்திக்கொடுத்தார். திரும்பி வந்து ஓர் அதிசயம் சொன்னார். அடுப்பு எரிந்ததைவிட, உள்ளே ஏன் உடைந்தது என்பதில்தான் அந்த மனிசிக்கு ஆவலாம். முறிந்த கம்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகை போலக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாராம். அன்றே மரியம்மா சொன்னார், இது வேறு சாதிப் பெண் என்று. சாதியென்றால் அந்தச் சாதியில்லை ஐயா, முன்வரிசையில் முறைக்கவேண்டாம்!

பிரெஞ்சு பேசும் நகருக்கு வந்த பிரெஞ்சுக்காரியின் பிரெஞ்சு, முதல் நாளிலேயே செல்லவில்லை. நாங்கள் வந்தபோது எப்படி இருந்தோமோ, அப்படித்தான் அவரும் இருந்தார். அந்த நாளிலிருந்து பால் வாங்க வருவதும், கதைத்துக்கொண்டு நிற்பதும் வழக்கமாயிற்று. அப்படி அறிந்ததுதான் இவருடைய பழைய வரலாறு.

பிரான்சில், தொடருந்துச் சக்கரங்களுக்கு அச்சு செய்யும் ஒரு நிறுவனத்தில் இவருக்கு உயர்ந்த பதவி. ஒரு தொகுதி அச்சுகளைச் சோதித்தபோது, மயிரிழை போன்ற வெடிப்பு காலத்துக்கு முன்பே தோன்றக் கண்டார். மறுபடி சோதிக்கச் சொன்னார்கள், சோதித்தார், வெடித்தது. முடிவுரையில் 'ஆபத்து' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கவனம்' என்று போடக் கேட்டார்கள். ஒரு சொல்தானே? ஒரே ஒரு சொல்தானே? இவர் மாட்டேன் என்றார். வேலையைவிட்டுத் துரத்தினார்களா? இல்லை. அதைவிடக் கொடுமை செய்தார்கள். அழகான மேசை, அழகான யன்னல், ஆனால் பொறி ஒன்றும் இல்லாத அறை கொடுத்தார்கள். உடைப்பதற்கு ஒன்றுமே இல்லை! கடற்றொழிலாளியை மலையுச்சியில் குடியேற்றியது போல!

அங்கிருந்து புறப்பட்டு மொன்றியல் வந்தார். இங்கே இவருடைய பட்டத்தை உடனே ஏற்றார்களா? கேட்கிறேன், உங்களில் எத்தனை பேருடைய பட்டத்தை உடனே ஏற்றார்கள்? ... ஓம், அந்தப் பெருமூச்சு எனக்குக் கேட்கிறது. கொங்கிறீட் உருளைகளை நசுக்கிப் பார்க்கும் கூடத்தில், தன் மாணவர்களாகும் வயதுடையவர்களுக்குக் கீழே உதவியாளராய் நின்றார். மறுபடி பரீட்சை எழுதினார். பிறகுதான் பல்கலைக்கழகம் அழைத்தது. கடுங்குளிரிலே உருக்கு எப்படித் தன் குணம் மாறிக் கண்ணாடி போல நொறுங்குகிறது என்பதை ஆராய்வதில் பெயர் பெற்றார். அதற்கு மொன்றியலைவிட மேலான ஊர் உண்டா?

ஒருநாள் கடைக்கு வந்தவர், ஒரு மாநாட்டில் பழைய நிறுவனத் தோழர் ஒருவரைக் கண்டதாகச் சொன்னார். அந்த அச்சுகளை யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டார்களாம். ஒருவருக்கும் காயமில்லையாம். அம்மையாரின் பெயர் மட்டும் எங்கும் இல்லையாம். எனக்குக் கொதித்தது. "உங்கட பேரைச் சொல்லாம விட்டிட்டாங்களே!" என்றேன். இவர் என்னைப் பார்த்து, ஒருவருக்கும் காயமில்லை என்று சொன்னேனே, அது உங்களுக்குக் கேட்கவில்லையா என்றார். பாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருவோம். லாசாலில் மூடிக்கிடந்த இந்தத் தொழிற்சாலையை நம் சங்கம் வாங்கியது. நம்முடைய றெக்ஸ் தம்பி, கட்டட வேலையில் கைதேர்ந்தவர், அதை மாளிகையாக்கினார். கூரையிலிருந்து உருக்குக் கம்பிகளில் தொங்குகிறதே மேல்மாடம், நாங்கள் கலரி என்கிறோமே, அதற்கு வெள்ளை பூசினார். பொங்கலன்று திறப்பு விழா. ஜெயனி ரீச்சர் பழக்கிய பிள்ளைகள் கலரியில் நின்று பாட, பாட்டு வானத்திலிருந்து பொழிவது போல் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

விருந்தினராக வந்த அம்மையார், கையில் வடையோடு அண்ணாந்து நின்றார். பக்தியாக்கும் என்று நினைத்தோம். பக்தி அல்ல, பார்வை! வெளிச்சுவரை ஒட்டிய குளிர்மூலையில் இறங்குகின்ற கம்பிகளைப் பார்த்தார். கட்டடத்தின் வயதைக் கேட்டார். வடையை வைத்தார். பலூன் கட்ட வைத்திருந்த கயிற்றை எடுத்தார். கலரிப் படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டிவிட்டார்!

றெக்ஸ் ஓடிவந்தார். சோதித்தீர்களா என்று இவர் கேட்க, நான் மொழிபெயர்த்தேன்.

"சோதிக்காமலோ? நானே ஏறி நிண்டு குதிச்சுப் பாத்தனான்," என்றார் றெக்ஸ்.

எந்த மாதம் என்று கேட்டார் அம்மையார்.

"ஓகஸ்ட்டில."

அம்மையார் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியை மட்டும் காட்டினார்.

அன்று எழுந்த ஆத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். தைத்த பாவாடைகளும் தொடுத்த மாலைகளும் கீழே நின்றன. கூட்டிவந்தவன் நான் என்பதால் முறைப்புகளில் பாதி என் பங்கு. தலைவர் அரியரத்தினம் இரண்டு பக்கமும் பார்த்து, பிள்ளைகள் தரையில் நின்று பாடட்டும் என்றார். பாடினார்கள். தாய்மாரின் முகங்கள் மட்டும் பாடவில்லை.

றெக்ஸ் விடுவாரா? மாடத்துக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு கம்பிகளை அவரே கழற்றி, அந்த இடத்தில் புதியவை மாட்டி, கழற்றியதை அம்மையாருடைய ஆய்வுகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன். கம்பித்துண்டுகளை நம் தை மாதமே வெட்கப்படும் குளிரில் ஊறவைத்தார்கள். ஊஞ்சல் போல ஒரு பெரிய சம்மட்டி. அதை உயர்த்தி விடுவார்கள். கெட்ட உருக்கென்றால் விசுக்கோத்துப் போல முறிய, சம்மட்டி மறுபக்கம் பறக்கும். நல்ல உருக்கென்றால் வளைந்து கொடுத்து, அதன் வேகத்தை விழுங்கிவிடும். சம்மட்டி விழுந்தது. கம்பி வளைந்தது! மறுபடி விழுந்தது. மறுபடியும் வளைந்தது! பொருத்தி வைத்த இடங்களையும் சோதித்தார். அவையும் நல்லவை. யாரோ ஒரு புண்ணியவான் இடைக்காலத்தில் பழைய கம்பிகளை மாற்றி, உயர்ந்த உருக்கைப் போட்டிருக்கிறான். றெக்ஸ் கலியாணவீடு போலக் கைதட்டினார். அம்மையாரோ அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெருமக்களே! தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். இவரோ, அடுத்த பொதுக்கூட்டத்தில் மேடை கேட்டார். மரியம்மாவிடம் கடையில் நின்று பழகிய தமிழில், ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்:

"நான் நினைச்சது பிழை. கம்பி நல்ல கம்பி. பிள்ளையள் ஏறலாம்."

பாடகர் குழுவிலே மகள் இருக்கும் கௌசி எழுந்தார். பிள்ளைகளை வீணாகத்தானே கீழே நிற்பாட்டினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோபமான கேள்வி. ஒரு தாயின் கேள்வி.

"அண்டைக்கு எனக்குத் தெரியாது," என்றார் அம்மையார். "தெரியாம ஏத்தமாட்டன். இன்னொருக்கா எண்டாலும் கயிறு கட்டுவன்."

கௌசி கலரியைக் கையால் காட்டினார். பிறகு, "அப்ப நீங்கள் முதல் ஏறுங்கோ," என்றார்.

ஏறினார்! பின்னாலேயே றெக்ஸும் ஏறினார். கலரியின் நட்டநடுவில் நின்று, மாசி மாதக் குளிரில் றெக்ஸ் குதித்தார். அவரைப் பார்த்த பேராசிரியர் கொரின் மொர்வானும், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார்! கீழே நின்ற கௌசி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பரவியது, பெருகியது, மண்டபத்தை நிறைத்தது. கௌசி மகளின் தோளைத் தட்டி, "போ, போய் நிண்டு பாடு," என்றார்.

நண்பர்களே! தான் சொன்னது சரியென்று சாதிப்பவர்கள் ஊருக்குப் பத்துப்பேர். தனக்குச் சரியென்று பட்டதற்காகப் பதவியை இழப்பவர் அபூர்வம். அதே மனிதர், தன் கணிப்புப் பிழைத்தபோது, யாரும் கேளாமலே மேடையேறி, அந்நிய மொழியில் திக்கித்திணறி, பிழை என்று சொல்வாரென்றால், அவரை எந்தத் தராசில் நிறுப்பது? பிரான்சில் ஒரு சொல்லை மாற்ற மறுத்தவர், லாசாலில் தன் சொல்லைத் தானே மாற்றினார். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: அந்தப் பாரத்தின் கீழே நிற்கப்போகும் மனிதரை! நாங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறோம், பரதம் கற்பிக்கிறோம், பனிச்சறுக்கும் கற்பிக்கிறோம். இதை எந்த வகுப்பில் கற்பிப்போம்? தெரியாததைத் தெரியாது என்றும், பிழைத்ததைப் பிழை என்றும் சொல்லும் இந்தத் தைரியத்தை எங்கே வாங்கிக் கொடுப்போம்?

ஓய்வு என்கிறார்கள். யார் விடுவார்? நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டைத் திருத்தும் றெக்ஸ், நேற்றே என் கடைக்கு வந்து, "அண்ணை, மதாமை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோ, பேந்துதான் பெயின்ற் அடிப்பன்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மையாரே, நாளை காலை உங்களை ஏற்றிப்போக அவர் வருவார், ஆயத்தமாக இருங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த சபைக்கும், இடையிடையே சிரித்து என்னைக் காப்பாற்றிய தாய்மார்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சின் நன்றி. அம்மையார் நீடு வாழ்க! எல்லோரும் எழுந்து நின்று ஒருமுறை கைதட்டுங்கள். வணக்கம் கூறி, இந்த ஒலிவாங்கியை அவர் கையில் கொடுக்கிறேன்.