சிவராத்திரிக்குப் போட்ட மாத்திரை

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் அக்காளும் தங்கையும். நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த இளையவளின் முழங்கால் ஓயாமல் என் சீட்டை இடித்துக்கொண்டிருந்தது.

“மாத்திரை போட்டுக்கினு கண்ணு முழிச்சா சாமி ஏத்துக்குமாக்கா?”

“என்னா மாத்திரைடி?”

“பகல்ல தூக்கம் வராம இருக்க எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. வண்டி ஓட்டும்போதே தூங்கிடறாரே, அது சரியாவணும்னுதான் இரும்பை ஊரு சிவன் கோயில்ல ராத்திரி பூரா முழிக்கறதா வேண்டிக்கினேன். போன வருசம் பாதியிலயே தூங்கிட்டேன். அதான், இந்த வாட்டி ஒண்ணு எடுத்துப் போட்டுக்கினேன்.”

“அப்ப அவருக்கு?”

“அதான்க்கா கடைசி மாத்திரை. காலையில பாத்துட்டு, வாங்கியாறேன்னு பைக்க எடுத்துக்கினு விழுப்புரம் போயிருக்காரு. போனு அடிச்சிக்கினே இருக்குது, எடுக்கல.”

அப்புறம் இளையவள் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் எழுந்து கத்தினாள்.

“நிறுத்துங்க! அது அவரு பைக்கு!”

புளியமரத்தடியில் ஒருவர் கால் நீட்டிக் கிடந்தார். அக்காள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கையின் தோளைப் பிடித்தாள்.

“பதறாதடி. ஸ்டாண்டு போட்டுட்டுத்தான் தூங்கறாரு.”